பள்ளியின் தரமும் தலைமையாசிரியரும்



புணே நகருக்கு வடமேற்கே, முளா ஆற்றை ஒட்டி அமைந்திருக்கும் வாகட், ஒரு தலைமுறைக்கு முன்வரை வயல்கள் சூழ்ந்த சிற்றூராகவே இருந்தது. 1997-இல் அது பிம்பிரி சிஞ்ச்வட் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. அடுத்துள்ள ஹிஞ்சவடியில் கணினித் தொழிற்பூங்கா வளர்ந்ததும், வயல்கள் மறைந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. இந்தியாவின் பல மாநிலத்தாரும் இன்று அங்கு வாழ்கின்றனர். தமிழ்க் குடும்பங்களும் அவர்களுள் உண்டு. வேலை மாற்றலால் அங்கு வந்து சேரும் நம்மவர் முதலில் விசாரிப்பது வீட்டு வாடகையை. அடுத்து விசாரிப்பது, “இங்கே நல்ல பள்ளிக்கூடம் எது?” என்பதை.

இக்கேள்விக்கு விடை சொல்ல இந்நாளில் பலர் முன்வருகின்றனர். பத்திரிகைகள் ஆண்டுதோறும் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகின்றன. கைப்பேசியைத் திறந்தால் இந்தப் பள்ளிக்கு இத்தனை நட்சத்திரம் என்று காட்டுகிறது. பள்ளிகளே தம் தேர்ச்சி விகிதத்தைப் பெரிய எழுத்தில் பலகையாக எழுதி வாயிலில் மாட்டியிருக்கின்றன. உற்றார் உறவினர் அருகில் இல்லாத ஊரில், பள்ளியைப் பற்றி விசாரித்தறியத் தெரிந்த மனிதர் இல்லாத நிலையில், நாம் இந்த எண்களையே நம்பிப் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். பிள்ளையின் கல்வியாண்டு ஒன்று வீணானால் அதை ஈடுசெய்ய நம்மால் இயலாது. ஆதலால், இந்த எண்கள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை என்பதையும், ஒரு பள்ளியின் தரத்துக்கும் அதன் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் நடந்துகொள்ளும் முறைக்கும் உள்ள தொடர்பு யாது என்பதையும் இன்று சிறிது ஆராய்வோம்.

பள்ளிகளுக்கு மதிப்பெண் இடும் வழக்கம் புதிதன்று. இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ என்பவர் ஒரு விதியைக் கொண்டுவந்தார். அரசாங்க ஆய்வாளர் பள்ளிக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கச் சொல்லியும் எழுதச் சொல்லியும் கணக்குப் போடச் சொல்லியும் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்கு மானியம் கிடைக்கும். அதே முறை நம் சென்னை மாகாணத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. மானியத்தை நம்பியிருந்த பள்ளித் தலைவர்கள் என்ன செய்தனர்? ஆய்வாளர் எந்தப் பாடப் புத்தகத்தைக் கொண்டு சோதிப்பாரோ, அந்த ஒன்றையே பிள்ளைகள் மனப்பாடம் செய்யுமாறு பார்த்துக்கொண்டனர். சோதனைக்கு உட்படாத பாடங்கள் ஒதுங்கின. இங்கிலாந்தில் தாமே பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ அர்னால்டு, இது கல்வியை இயந்திரமாக்குகிறது என்று தம் அறிக்கைகளில் கண்டித்தார். நாளடைவில் இம்முறை அங்கும் இங்கும் கைவிடப்பட்டது.

மதிப்பெண்ணையே குறிக்கோளாகக் கொண்ட தலைமைக்கு நம் காலத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாட்டில் பல பள்ளிகள், பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வில் முதலிடம் பெறும் ஆசையால், பதினோராம் வகுப்புப் பாடங்களைத் தள்ளிவிட்டு, இரண்டாண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தின. அப்பள்ளிகளின் தேர்ச்சி விகிதம் உயர்ந்தே இருந்தது. ஆயின், கல்லூரிக்குச் சென்ற மாணவர் அடிப்படை தெரியாமல் இடர்ப்பட்டனர். இதைக் கண்ட மாநில அரசு, 2017-இல் மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தை நிறுத்தியது. 2017-18-ஆம் கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தது. பின்னர், 2025-இல், அந்தப் பதினோராம் வகுப்புத் தேர்வு நீக்கப்பட்டது. ஒரு தேர்வைச் சேர்ப்பதும் நீக்குவதும் அரசாங்க ஆணையால் ஆகிவிடுகின்றன. ஆனால் பாடத்தை முறையாக நடத்துவதா, தள்ளுவதா என்பதைப் பள்ளிக்குள் அன்றாடம் முடிவு செய்பவர் அதன் தலைவரே.

இனி, இக்காலத்து மதிப்பீடுகள் எவ்வாறு அமைந்துள்ளன என்று பார்ப்போம். மத்திய அரசின் சார்பில் தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனம் 2015 நவம்பரில் ‘சாலா சித்தி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் தேர்வு மதிப்பெண் மட்டும் கணக்கில்லை. பள்ளியின் வசதிகள், கற்பித்தல், மாணவர் முன்னேற்றம், ஆசிரியர் வளர்ச்சி, தலைமையும் நிர்வாகமும், உடல்நலமும் பாதுகாப்பும், ஊராரின் பங்கு என ஏழு துறைகள் உள்ளன. அவை 46 அளவுகோல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பள்ளி முதலில் தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். பிறகு வெளியார் வந்து மதிப்பிடுவர். மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் தன் பள்ளிகளுக்கு இத்தகைய அளவுகோல்களை வகுத்திருக்கிறது. இவ்விரண்டிலும் ‘தலைமை’ என்பது தனித் துறையாக இடம்பெற்றிருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2023-24-இல் தொடங்கிய ‘என் பள்ளி, அழகிய பள்ளி’ என்னும் போட்டியில் பள்ளிகளுக்கு 100-க்கு மதிப்பெண் இட்டு, பெரும் பரிசுத் தொகைகளும் வழங்கப்பட்டன.

இவ்வளவு விரிவாக அளந்து சொன்னால் பள்ளிகள் திருந்திவிடுமா? இக்கேள்வியை மத்தியப் பிரதேசத்தில் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு அது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 1,774 பள்ளிகளில் விரிவான மதிப்பீடு நடத்தப்பட்டது. ஒவ்வொரு பள்ளிக்கும் தரக்குறியீடு தரப்பட்டது. அந்தந்தப் பள்ளிக்கென முன்னேற்றத் திட்டமும் எழுதப்பட்டது. மதிப்பீடுகள் பொய்யாக இல்லை. அவை பள்ளிகளின் நிலையை ஓரளவு சரியாகவே காட்டின. இருந்தும், பள்ளி நடக்கும் விதத்திலோ பிள்ளைகளின் படிப்பிலோ மாற்றம் ஒன்றும் விளையவில்லை. அலுவலர்களை விசாரித்தபோது, இது நிரப்பி அனுப்ப வேண்டிய இன்னொரு படிவம் என்றே பலரும் கருதியது தெரியவந்தது. ஆயினும் அத்திட்டம் வெற்றி பெற்றதாகக் கொள்ளப்பட்டு, நாடெங்கும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது.

அரசாங்கக் கோப்புகளோடு பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றாது. காய்ச்சலை அளக்கும் கருவி சரியாகவே அளக்கலாம். அளந்ததனாலேயே காய்ச்சல் தணிவதில்லை. மருந்து கொடுப்பவர் ஒருவர் வேண்டும். பள்ளியைப் பொறுத்தவரை அவர் தலைமையாசிரியர். அவருடைய கைக்கு எட்டும் மருந்து எது என்பதே அடுத்த கேள்வி.

இங்கே சொல் ஒன்றைக் கவனிப்போம். தமிழில் நாம் ‘தலைமையாசிரியர்’ என்கிறோம். மராத்தியில் ‘முக்யாத்யாபக்’ என்கின்றனர். இரண்டு சொல்லிலும் ‘ஆசிரியர்’ என்னும் பொருள் உள்ளே நிற்கிறது. ஆசிரியருள் முதன்மையானவர் என்பதே இரண்டுக்கும் கருத்து. பெருநகரப் பள்ளிகளில் இந்நாளில் வழங்கும் ‘பிரின்சிபால்’, ‘டைரக்டர்’ என்னும் பட்டங்களைக் கேட்கும்போது ஆசிரியர் என்னும் எண்ணம் எழுவதில்லை. அலுவலகத் தலைவர் என்னும் எண்ணமே எழுகிறது. இது பெயரளவில் உள்ள வேறுபாடன்று. தலைமை நடத்தும் முறையிலேயே இவ்விரு வகையும் உண்டு.

நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சன் என்னும் கல்வியறிஞர், தம் இரு துணைவரோடு 2008-இல், பள்ளித் தலைமையையும் மாணவர் தேர்ச்சியையும் பற்றி அதுவரை பல நாடுகளில் வெளிவந்திருந்த 27 ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டார். தலைமையில் இரு வகையை அவர் பிரித்துக்கொண்டார். ஊக்கமூட்டும் தலைமை ஒன்று. பெரிய நோக்கங்களை எடுத்துரைத்து, ஆசிரியர்களிடம் உற்சாகத்தை எழுப்பி, எல்லாரையும் ஒன்றுசேர்ப்பது அது. கற்பித்தலை நோக்கிய தலைமை மற்றொன்று. பாடம் எப்படி நடக்கிறது என்பதைத் தாமே வகுப்பில் போய்க் கண்டு, பாடத்திட்டத்தைச் சீர்செய்து, ஆசிரியரோடு உட்கார்ந்து கலந்து பேசுவது அது. மாணவர் தேர்ச்சியில், பின்னதன் பயன் முன்னதைப்போல் மூன்று நான்கு மடங்கு என்று அவர்கள் கண்டனர். தலைவர் செய்யும் பணிகளுள் எல்லாவற்றிலும் மிகுந்த பயன் தந்தது எது என்றால், ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் பயிற்சியை ஏற்பாடு செய்வதோடு நில்லாமல் தாமும் அவர்களோடு அமர்ந்து கற்றுக்கொள்வது. கட்டடத்துக்கும் விழாவுக்கும் இந்தப் பெருமை கிடைக்கவில்லை.

கனடாவைச் சேர்ந்த கென்னத் லீத்வுட் முதலிய அறிஞர்கள் இன்னொரு கருத்தைச் சொல்லியிருக்கின்றனர். பள்ளிக்குள் பிள்ளையின் படிப்பைப் பாதிக்கும் காரணங்களுள் முதலிடம் வகுப்பறைக் கற்பித்தலுக்கு. அதற்கு அடுத்த இடம் தலைமைக்கு என்பது அவர்கள் கூற்று. தலைமையின் பயன் பெரும்பாலும் ஆசிரியர் வழியாகவே பிள்ளையைச் சேர்கிறது. ஆகவே, ஆசிரியரை அடிக்கடி மாற்றும் பள்ளியிலும், ஆசிரியருக்கு எழுத்து வேலையே ஓயாத பள்ளியிலும், தலைவர் எவ்வளவு திறமைசாலியாயினும் அத்திறமை வகுப்பறை வரை சென்று சேராது. நம் நாட்டின் நிலையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, எட்டு நாடுகளில் ஏறக்குறைய 1,800 உயர்நிலைப் பள்ளிகளின் நிர்வாகத்தை ஒப்பிட்டது. நிர்வாகம் நன்கு அமைந்த பள்ளிகளில் மாணவர் தேர்ச்சியும் உயர்ந்திருந்தது. அந்த எட்டு நாடுகளுள் நிர்வாகத்தில் கடைசியில் நின்றது இந்தியா.

புணே நகரம் இந்த உண்மையை ஆய்வுகளுக்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தது எனலாம். 1880 ஜனவரியில் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர், திலகர் முதலியோர் அங்கே ‘நியூ இங்கிலீஷ் ஸ்கூல்’ என்னும் பள்ளியைத் தொடங்கினர். அரசாங்கப் பள்ளிகளுக்கு நடுவில், சொந்த முயற்சியால் நிறுவிய பள்ளி அது. அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் வாமன் சிவராம் ஆப்தே. சமஸ்கிருத அகராதி ஆசிரியராக நாம் அறிந்த அவரே இவர். பள்ளியை நிர்வகித்த அதே காலத்தில், 1881-இல், மாணவர் சமஸ்கிருதத்தில் வாக்கியம் அமைக்கக் கற்பதற்கென ஒரு கைந்நூலை எழுதி வெளியிட்டார். தலைவரே பாடம் நடத்தி, மாணவர் தடுமாறும் இடத்தை அறிந்து, அதற்கெனப் புத்தகமும் எழுதினார். அப்பள்ளி சில ஆண்டுகளிலேயே பெயர் பெற்றது. 1885-இல் பெர்குசன் கல்லூரி நிறுவப்பட்டபோது அதன் முதல் முதல்வராகவும் ஆப்தேயே அமர்ந்தார்.

அதே புணே மாவட்டத்தில், அண்மையில் நிகழ்ந்ததையும் காண்போம். கேட் தாலுகாவில் ஜாலிந்தர்நகர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள மாவட்ட ஊராட்சிப் பள்ளியில் 2022 அளவில் பிள்ளைகள் மூவரே எஞ்சியிருந்தனர். பள்ளியை மூடிவிடும் நிலை. அப்போது அங்கு வந்து சேர்ந்தவர் தத்தாத்ரேய வாரே என்னும் தலைமையாசிரியர். முன்பு சிரூர் தாலுகாவில் வாபளேவாடி என்னும் ஊர்ப் பள்ளியை ஊராரின் துணையோடு வளர்த்துப் புகழ் பெறச் செய்தவர் அவர். ஜாலிந்தர்நகரில் அவர் கையாண்ட முறைக்குப் ‘பாடத் தோழன்’ என்று பொருள்படும் பெயர். ஒரு பாடத்தில் தேர்ந்த பிள்ளை, வயது வேறுபாடு பாராமல், மற்றப் பிள்ளைகளுக்கு அப்பாடத்தைக் கற்பிக்கிறது. ஒரு பாடத்தில் ஆசானாக இருக்கும் பிள்ளை மற்றொரு பாடத்தில் மாணவனாக அமர்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே நூற்றைத் தாண்டியது. 2025-இல் ‘உலகின் சிறந்த பள்ளி’ப் பரிசுகளுள், பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பரிசை இப்பள்ளி பெற்றது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. ஒரு சிற்றூர்ப் பள்ளியில் கைகூடியது, இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் நகரத்துப் பள்ளியில் அப்படியே கைகூடும் என்பதற்கு உறுதியில்லை. எனினும் காலத்தின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் தலைமையாசிரியர், பிள்ளைகள் கற்கும் முறையில் கைவைத்தார். அடுத்துப் பெற்றோர் நம்பிக்கையோடு பிள்ளைகளை அனுப்பினர். பரிசு கடைசியில் வந்தது. நாம் முன்பு கண்ட பள்ளிகளில் இவ்வரிசை தலைகீழாக இருந்தது. அங்கே பரிசு முதலில் குறிவைக்கப்பட்டது. கற்கும் முறை அதற்கேற்ப வளைக்கப்பட்டது. இரண்டு வகைப் பள்ளிக்கும் பலகையில் எழுதிக்கொள்ள உயர்ந்த எண் கிடைத்துவிடுகிறது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. உயர்ந்த மதிப்பெண் எப்போதும் தலைமையின் பயன் என்று கொள்வதற்கில்லை. படித்த, வசதியுள்ள பெற்றோரின் பிள்ளைகளே சேரும் பள்ளியில் மதிப்பெண் தானே உயர்ந்து நிற்கும். சேர்க்கையின்போது பிள்ளைகளையும் பெற்றோரையும் சோதித்து வடிகட்டுவதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. தொடக்கக் கல்விக்கு மேற்பட்ட வகுப்புகளில், தேர்ச்சி விகிதம் குறைந்துவிடுமே என்று அஞ்சி, பின்தங்கிய பிள்ளையை வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லும் தலைவர்களும் உண்டு. அப்பள்ளியின் எண் உயரும். வெளியேற்றப்பட்ட பிள்ளையை எந்த அட்டவணையிலும் காண முடியாது.

இது நமக்கு நேரே பொருந்தும் செய்தி. மாற்றலாகி வரும் குடும்பத்தின் பிள்ளை, பல நேரங்களில் அந்தப் பின்தங்கிய பிள்ளையாகவே வந்து சேர்கிறது. வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், விளையாட்டில் இந்தி, வீதியில் மராத்தி. மகாராஷ்டிரத்தில் 2020-ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லா வகைப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். அந்தந்த மாநில மொழியைக் கற்பது நாம் விரும்பத்தக்கதே. ஆயினும் ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்து சேரும் பிள்ளைக்கு அம்மொழியில் அகரமே புதிது. அப்பிள்ளையைத் தனியே அமர்த்தி ஆறு மாதம் பொறுமையாகக் கற்பிக்க ஓர் ஆசிரியரை ஒதுக்குபவரா, அல்லது “டியூஷன் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுபவரா என்பது தலைவரைப் பொறுத்தது. நட்சத்திரக் குறியீட்டில் இதற்கு இடமில்லை. அயலூரில் வாழும் குழந்தைக்கோ இதுவே வாழ்வா தாழ்வா என்பதைத் தீர்மானிக்கும்.

அப்படியானால் தரமதிப்பீடுகளைப் புறக்கணித்துவிடலாமா? வேண்டாம். அவை விசாரணையின் தொடக்கமாக இருக்கலாம். அதற்குமேல் நாமே சென்று சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். தலைமையாசிரியர் வாரத்தில் ஒரு வகுப்பேனும் தாமே நடத்துகிறாரா? மற்ற ஆசிரியர் வகுப்பில் அமர்ந்து கவனிக்கிறாரா? அப்படிக் கவனித்தபின் ஆசிரியரைத் திட்டுகிறாரா, துணை செய்கிறாரா? ஆசிரியர்கள் அங்கே எத்தனை ஆண்டு நிலைத்து நிற்கின்றனர்? 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் ஆண்டுதோறும் 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. அப்பயிற்சியில் தலைவரும் உடன் அமர்கிறாரா? சென்ற ஆண்டு கடைசி மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இப்போது அதே பள்ளியில் இருக்கிறார்களா? இடையில் வந்து சேரும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? இக்கேள்விகளுக்கு நேராக விடை தரும் தலைவர் இருக்கும் பள்ளியை, தரவரிசையில் சில இடம் பின்னால் இருந்தாலும், நாம் நம்பலாம்.

கேட்பதோடு நம் கடமை முடிவதில்லை. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும், கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். தனியார் பள்ளிகளிலும் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் உள்ளன. “நாம் வெளியூரார், நமக்கு எதற்கு?” என்று நம்மவர் பலர் இவற்றில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கிவிடுகின்றனர். கூட்டம் மராத்தியில் நடக்கிறதே என்னும் தயக்கமும் உண்டு. அந்தத் தயக்கத்தை விட வேண்டும். பாதி புரிந்தாலும் போய் அமர வேண்டும். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் பள்ளியில் தலைமையாசிரியரும் அதையே முதற்கடமையாகக் கொள்வார். கட்டடத்தையும் விழாவையும் பற்றியே பெற்றோர் கேட்டால் அவருடைய கவனமும் அங்கேதான் செல்லும்.

வரும் கல்வியாண்டில் பள்ளி தேடி அலையப்போகும் அன்பர்கள், வாயிலில் உள்ள பலகையைப் படித்த பிறகு, உள்ளே சென்று தலைமையாசிரியரைப் பத்து நிமிடம் கண்டு பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம். அப்போது அவர் தம் அறையில் இல்லை, ஏதோ ஒரு வகுப்பில் இருக்கிறார் என்று பள்ளிச் சேவகர் சொன்னால், சலித்துக்கொள்ளாமல் சற்றுக் காத்திருங்கள்.